காற்றுக்கு ஒரே எண் கேட்கிறார்கள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதங்கள் மேசையில்தான் கிடக்கின்றன, திட்டாதே. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. சின்னவள் பத்தாம் வகுப்பு. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இனி காற்று. "காத்தை எண்ணவும் சம்பளமா?" என்று பிலிப் ஆரம்பித்துவிடுவான், அவனிடம் காட்டாதே. மன்னார் வளைகுடாவில் காற்றாலை நட்டால் எவ்வளவு மின்சாரம் தேறும் என்பதுதான் இப்போது என் வேலை. கடலுக்குள் அளந்த கணக்கு அரிது. செயற்கைக்கோள் தருவது அலைக்கு மேல் 10 மீட்டர் உயரத்துக் காற்று. டர்பைன் சுற்றுவதோ 100 மீட்டருக்கும் மேலே. ஆக, கணினி மாடல்தான் கதி.

உலகமே எடுத்தாளும் ஈரா-5 என்ற கடந்தகால வானிலைத் தரவில், வரைபடத்தின் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். அதில் ஆரல்வாய்மொழிக் கணவாயே கிடையாது! மலையும் இடைவெளியும் கலந்து ஒரு மேடாகிவிடுகிறது. அதே தரவை டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாடலில் கொடுத்து 3 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டினேன். ஆடிக் காற்று கணவாய்க்குள் புகுந்து, காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலைத் தாண்டி, கடலுக்குள் நீளமாக நாக்கை நீட்டுகிறது. டீ ஆறியதுகூடத் தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சான் எழும்பிடுச்சு என்று உன் சித்தப்பா வள்ளத்தைக் கரையேற்றுவாரே, அதே மேற்குக் காற்றுதான்.

கடுப்பு எங்கே என்றால், மேலே இருப்பவர்களுக்கு ஒரே எண் வேண்டும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறி இறங்கும். விநாடிக்கு 8 மீட்டர் என்று நான் சொல்லி, நிஜத்தில் 7.2 வீசினால் வேகத்தில் குறைவது 10 சதவீதம்தான், ஆற்றலில் 27 சதவீதம் போச்சு. கடலோரக் காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் முறையை மாற்றினாலே விடை நகர்கிறது. "இதிலிருந்து இதுவரை" என்று எழுதிக் கொடுத்தால், நடுவில் ஒன்றை வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். 2024இல் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய்க் கடல் காற்றாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் நம் கடலுக்கு 500 மெகாவாட். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் அந்த வட்டம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடியில் முப்பந்தலும் முழுவீச்சில் சுற்றுமே, அப்போது கடல் மின்சாரத்தை எங்கே தள்ளுவது? அதை யாரும் கேட்பதில்லை. வலை விரிக்கிற இடத்தில் தூண் நட்டால் சித்தப்பா எங்கே போவார் என்பதையும்தான்.

சரி, ஒரு உதவி. கச்சான் எத்தனை பாக ஆழத் தண்ணீர் வரை பிடிக்கிறது, எங்கே தணிகிறது என்று அவரிடம் கேட்டு எழுது. மாடல் போட்ட கோடு எந்த இடத்தில் முடிகிறது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே.

அன்புடன்,
ராஜா