கீழாநெல்லி என்று நீங்கள் ஒப்புக்கொண்டது எந்தச் செடியை?

மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகளுக்கும், மூலிகை ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம். போன மாத டாக்டரல் கமிட்டியில் எங்கள் ஆய்வு மாணவி ஒருவர் தன் டிஎல்சி தட்டுகளின் (சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) படத்தைத் திரையில் காட்டினார். இடப்பக்கம் முதல் மூட்டை, வலப்பக்கம் இரண்டாம் மூட்டை. இரண்டும் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கிய கீழாநெல்லி. முதலாவதில், கீழாநெல்லியில் இருக்க வேண்டிய பில்லாந்தின் என்ற வேதிப்பொருளின் புள்ளி, ஒப்பிட வைத்த ஸ்டாண்டர்டுக்கு நேராகப் பளிச்சென்று நின்றது. இரண்டாவதில் அந்த இடம் ஏறக்குறைய காலி. "கல்லீரல் செல் சோதனை எல்லாம் இரண்டாம் மூட்டையில் செய்தது. அது வேறு செடியாக இருக்கலாம், திரும்பச் செய்ய அவகாசம் வேண்டும்" என்று கேட்டார். கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதான் ஐடென்டிஃபிகேஷன் சர்டிபிகேட் இருக்கேம்மா, அப்புறம் என்ன?" என்றார்.

செடி இன்னதென்று உறுதிசெய்யும் அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் இந்த மடல்.

சான்றிதழில் ஒரு பிழையும் இல்லை. விடுதிக் குழாயடியில் பிடுங்கிய ஒரு செடியைப் பார்த்து, கீழாநெல்லியின் அறிவியல் பெயரான 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்று சரியாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செடிக்கும் ஆய்வில் அரைபட்ட மூட்டைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்கள் படிவம் கேட்பது ஒரு சான்றிதழை. அது எந்தச் சரக்குக்கு உரியது என்று அது கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மூலிகை ஆய்வு செய்யும் எந்தத் துறையிலும் போய்க் கேளுங்கள், இதுதான் நடைமுறை என்பார்கள். உங்களுக்குத் தெரியாததா?

எனவே கேட்பது ஒன்றுதான். ஆய்வுக்கு எடுத்த அதே சரக்கிலிருந்து, பூவும் காயும் உள்ள மாதிரி ஒன்றை எண்ணிட்டு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் காப்பகம்) வைக்காத ஆய்வேட்டை ஏற்காதீர்கள். அதை வைக்க இடமும் பார்க்க ஆளும் கொடுங்கள்.

அந்தப் பெண் அதன் பிறகு பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இரண்டாம் மூட்டையில் அரைக்காமல் மிஞ்சியிருந்ததைச் செய்தித்தாளில் கொட்டி, கைலென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அமாரஸின் பூவில் இதழ் 5, அதைப் போலவே இருக்கும் இன்னொரு பில்லாந்தஸ் இனமான ஃபிரட்டெர்னஸில் 6. சிவப்புக் கீழாநெல்லியான யூரினேரியாவின் காய் வழவழப்பாக இருக்காது, சொரசொரவென்று இருக்கும். பச்சைச் செடியில் பழகிய கண்ணுக்கு இது எளிது. காய்ந்து, நசுங்கி, சாக்கில் பயணம் செய்து வந்த சரக்கில் பூ உதிர்ந்து தூளாகியிருக்கும். இலையும் காம்பிலிருந்து கழன்றிருக்கும். கடைசியில் அடியில் கிடந்த தூசியைச் சலித்துச் சில சொரசொரப்பான காய்களைப் பொறுக்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தார். அதைப் பார்த்து இன்னதுதான் என்று சொல்ல எங்கள் கல்லூரியில் ஆள் இல்லை. செடிகளை இனம் பிரித்தறியும் வகைப்பாட்டியல் தெரிந்த கடைசிப் பேராசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. அவர் பாடம் செய்து ஒட்டி வைத்த தாள்கள் இருந்த அறையில் இப்போது தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டும் கோப்புகள் இருக்கின்றன. பீரோக்கள் வராந்தாவில் நிற்கின்றன. கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறிப் போனால் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் கிளையில் உதவுவார்கள், திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. ஆனால் பூவும் காயுமாக முழுச் செடி இருந்தால்தானே யாரும் பெயர் சொல்ல முடியும்? தூளை நீட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? டிஎன்ஏ சோதனை செய்யலாம்தான். செலவு அவருடைய உதவித்தொகையிலிருந்து போக வேண்டும், அந்த உதவித்தொகை எப்போது வரும் என்பது உங்களுக்கே வெளிச்சம்.

இது ஒரு மூட்டையின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி வாங்கிச் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய கால் பங்கு சரக்கு பில்லாந்தஸின் வேறு இனங்களாக இருந்தது. வியாபாரிமேல் கோபப்பட்டு ஆவதில்லை. வரப்பில் களை பறிப்பவர்கள் இலைக்குக் கீழே காய் தொங்குவதை எல்லாம் சேர்த்துக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு எல்லாமே கீழாநெல்லிதான். நம் ஆய்வுக் கட்டுரைகளின் கதை அதைவிட மோசம். இந்திய நூல்கள் 'பில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவந்தது உண்மையில் அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்கள் என்று 1985-லேயே தெளிவாக்கிவிட்டார்கள். அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இத்தனை வருடம் கழித்தும் வயல்வரப்பில் பறித்ததற்கு 'நிரூரி' என்று பெயரிட்ட ஆய்வேடுகளுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் நாம் இழந்ததும் உண்டு. 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும் அவர் குழுவினரும் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்திருந்தவர்களில் அமாரஸ் தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கே இந்தச் செடியை ஆராயக் கைகோத்திருந்த காலம் அது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. அளவா, நோயாளிகளா, செடி விளைந்த மண்ணா, இனமா என்ற கேள்விகள் எழுந்தன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஊர் நம் ஊர். பதில் சொல்வதற்கு முதலில் எந்தச் செடி என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக நாம் என்ன செய்கிறோம்? ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனைக்கான டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் இலைச்சாற்றை விடுகிறோம். ஊதா நிறம் மஞ்சளாகிறது. 'வீரியமிக்க ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று முடிவுரை எழுதுகிறோம். டீத்தூளை விட்டாலும் மஞ்சளாகும், ஐயா. சாற்றில் என்னென்ன சேர்மங்கள் என்று காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டினால் எந்த இலையிலும் ஃபைட்டாலும் ஹெக்ஸாடெக்கனோயிக் அமிலமும் வந்து நிற்கும். முன்னது பச்சையத்தின் உடைந்த துண்டு, பின்னது ரேஷன் பாமாயிலில் இருப்பது. அவற்றுக்குப் 'புற்றுநோய் எதிர்ப்புக் கூறுகள்' என்று அட்டவணை போட்டால் ஒரு கட்டுரை தேறிவிடும். பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடைக்கும். விழா மேடைகளில் சித்தர்கள் அன்றே சொன்னார்கள் என்று நாமும் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைத் திரும்பச் சொல்கிறேன். அரைபட்ட சரக்கும் ஹெர்பேரிய மாதிரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆய்வுப் பதிவுப் படிவத்தில் 'மாதிரி எண், சேகரித்த இடம், நாள், சேகரித்தவர்' என்று ஒரு வரி சேருங்கள். அது காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள். கடைச்சரக்கை ஆய்வு செய்தால், அரைக்கும் முன் எடுத்த ஒரு பிடியையாவது எண்ணிட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மண்டலத்துக்கு ஒரு கல்லூரியிலாவது வகைப்பாட்டியல் தெரிந்த ஒருவரை நிரந்தரமாக நியமியுங்கள். புதிதாகக் கருவி வாங்கப் போட்டுத் தரும் நிதியில் ஒரு சிறு பகுதி போதும்.

இந்த மாணவிக்கு ஆறு மாத நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இந்த மழைக்காலத்தில் செடியைத் தானே வயலில் பறித்து, தாளில் ஒட்டி, மீண்டும் சோதனை செய்ய இருக்கிறார். 'சான்றிதழ் ஏற்கெனவே உள்ளது' என்ற காரணத்தைக் காட்டி அதை நிராகரிக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆசிரியை