கரும்புக்கு நடுவே பயறு போட உதவிய எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒன்றரை ஏக்கர் கரும்புக்காரன் ஊருக்கே நன்றி மடல் எழுதுவதா என்று ராத்தா சிரிக்கிறா. சிரிக்கட்டும்.

கரும்பு நட்டு, வெட்டி, ஹிங்குரானை சீனி ஆலைக்கு ஏற்றிக் காசைக் காண ஒரு வருடம் ஓடிவிடும். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது யூரியாவுக்கு அலைந்த அலைச்சலில்தான் நடுவே பயறு போடும் எண்ணம் விழுந்தது. முதல் தடவை கெடுத்தது நானேதான். கரும்பு நட்ட கையோடு களைநாசினி அடித்துவிட்டு, அதே மண்ணில் பயற்றையும் போட்டேன். முளைத்ததெல்லாம் மஞ்சளாகிச் செத்தது.

இந்த முறை பக்கத்துக் காணிக்கார அண்ணன், எங்கள் காக்கா, விடவில்லை. "மருந்து டாங்கிய வீட்டில வெச்சிட்டு மண்வெட்டியோட வா தம்பி" என்றார். வரிசை நேராக வரக் கயிறும் அவரே பிடித்தார். நாலரை அடி இடைவெளிக்குள் இரண்டு வரிசைப் பயறு, கரும்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. சோளமும் போடுவோமா என்றேன். அது ஓங்கி வளர்ந்து கரும்புக் குருத்தை நிழலில் போட்டுவிடும் என்று தடுத்தார்.

விவசாயப் போதனாசிரியர் மிஸ்ஸை மறக்க மாட்டேன். பூக்கிற நேரம் வந்து ஒரு செடியைக் கிண்டியெடுத்து, வேரில் மிளகுபோல் ஒட்டியிருந்த முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. யூரியாவில் இருக்கிற அதே நைதரசனைக் காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கும் பற்றீரியா அங்கேதான் இருக்கிறதாம். அந்த நிறம் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பறித்து முடிந்ததும் செடியை எரிக்காமல் மண்ணோடு வெட்டிப் புரட்டச் சொன்னவரும் அவரே.

பயற்றுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது என்று என் தண்ணீர் முறையை முன்பின்னாக மாற்றித் தந்த, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையாருக்கும் நன்றி. மயில் விரட்டிய சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸ்பழக் கடன் இருக்கிறது, எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம் பயறு பறித்த சாச்சிமார். அறுபது, அறுபத்தைந்து நாளில் காய் கறுத்துவிடும். வெயில் ஏறினால் தொட்டவுடன் வெடித்துச் சிதறும். அதனால் பனி காய முதல் வந்து, கரும்புத் தோகை முகத்தைக் கீறக் கீற, மூன்று தடவை பறித்தார்கள். நானும் ஒரு நாள் பறித்துப் பார்த்தேன். இடுப்பு இரண்டு நாளைக்கு நிமிரவில்லை.

கரும்பு இப்போது வளர்ந்து இடைவெளியை மூடிவிட்டது. வீட்டுக்கு ஒரு கொத்து அளந்து பயறு அனுப்புகிறேன், வேண்டாமென்று சொல்லாதீர்கள். காக்காவுக்கு மட்டும் இரண்டு கொத்து. அவருடைய கயிறு இன்னும் என் வீட்டில்தான் கிடக்கிறது.