எந்தப் பூச்சிக்கு எந்த மாத்திரை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கச் சொல்லி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பொறியில் மாட்டும் வாசனை மாத்திரை எந்தப் பூச்சிக்கு உரியது என்று பார்த்து வாங்க வேண்டும்.

போன புரட்டாசியில் மானூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டேன். கடையில் புழுப்பொறி மாத்திரை என்று கேட்டு, கொடுத்ததை மாட்டினேன். தினமும் காலையில் பொறியின் பாலிதீன் பையை அவிழ்த்துப் பார்ப்பேன். ஒன்றிரண்டு அந்துப்பூச்சிதான் கிடக்கும். சரி, இந்த வருசம் தாக்குதல் கம்மி என்று இருந்துவிட்டேன். இருபதாம் நாள் குருத்தை விரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம். உள்ளே படைப்புழு, வால் பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளியோடு.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் மாத்திரை உறையை வாங்கிப் பார்த்து, "மாமா, இது புரோடீனியாவுக்கு உள்ளதுல்லா" என்றான். புரோடீனியா என்பது இலையைத் தின்னும் வேறொரு புழு. உறையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அறிவியல் பெயர் மட்டும்தான் இருந்தது.

புரோடீனியாவும் படைப்புழுவும் ஸ்போடாப்டெரா என்ற ஒரே பேரினம். ஆனாலும் ராத்திரியில் பெண் பூச்சி வயிற்று நுனியிலிருந்து விடும் வாசனை வேறு வேறு. ஆண் தன் இனத்து வாசனையைத்தான் தேடி வரும். சில பூச்சிகளில் வாசனைச் சரக்குகூட ஒன்றுதான், கலக்கும் பங்குதான் மாறும். பருத்தியையும் துவரையையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவும், புகையிலையைத் தின்னும் அதன் நெருங்கிய சொந்தமும் அதே இரண்டு பொருள்களைத்தான் கலக்கின்றன. காய்ப்புழுவில் நூற்றுக்கு 97 பங்கு இருக்கும் பொருள், மற்றதில் 10 பங்குகூட வராது. ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் ஒன்றாக அடைத்துக் கலப்பினம் எடுத்திருக்கிறார்கள். வயற்காட்டில் அவை சேராமல் விலகியிருப்பதற்கு இந்த வாசனைக் கணக்கு பெரிய காரணம் என்று தங்கை மகன் சொன்னபோது அசந்துபோனேன்.

படைப்புழு 2018-ல்தான் நம் நாட்டுக்குள் வந்தது. பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பழக்கம் எங்களில் பலருக்கு இன்னும் இல்லை. அதனால் மாத்திரை உறையில் பூச்சியின் பெயரைத் தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும். வேளாண்மைத் துறை இதைக் கட்டாயமாக்கலாம். நீங்களும் அடுத்த புரட்டாசி விதைப்புக்கு முன்னால் பூச்சிவாரியாக ஒரு குறிப்பு போட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
மானூர், திருநெல்வேலி மாவட்டம்.