சான்றிதழுக்கு முன் வேலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி. சேவை மேலாண்மையில் எந்தச் சான்றிதழ் படிக்கலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்கு, ‘முதலில் ஐடிஐஎல் பவுண்டேஷன், பிறகு அடுத்தடுத்து மேலே போங்கள்’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. நிறுவனங்களின் கணினி, மென்பொருள் சேவைகளை நடத்துவதற்கான நடைமுறை வழிகாட்டித் தொகுப்புதான் ஐடிஐஎல். அதன் அடிப்படைத் தேர்வு பவுண்டேஷன். அந்தப் பதிலின் முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாம் பாதியை நம்பித்தான் பலர் பணத்தையும் காலத்தையும் விடுகிறார்கள்.

பவுண்டேஷன் தேர்வில் 60 நிமிடங்களில் 40 கேள்விகள். 26-க்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்பதுதான் சிக்கல். அண்மையில் நான் நடத்திய நேர்முகத் தேர்வில், ஐடிஐஎல்லின் ஏழு வழிகாட்டு நெறிகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்த ஒருவரிடம், “திங்கள்கிழமை காலைதோறும் சம்பள மென்பொருள் முடங்குகிறது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “ரீஸ்டார்ட் செய்து டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிடுவேன்” என்றார். சேவையை உடனே மீட்பது இன்சிடென்ட் வேலை. திங்கள்கிழமை மட்டும் ஏன் முடங்குகிறது என்று தோண்டுவது பிராப்ளம் வேலை. அவர் தேறிய பாடத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. கையில் அடுத்த கட்டப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்திய ரசீதும் வைத்திருந்தார்!

2019-இல் வெளியான ஐடிஐஎல் நான்காம் பதிப்பில், பவுண்டேஷனுக்குப் பின் பாதை பிரிகிறது. மேனேஜிங் புரொபஷனல் பட்டத்துக்கு நான்கு தேர்வுகள், ஸ்ட்ராடெஜிக் லீடர் பட்டத்துக்கு இரண்டு. பயனர்களின் புகார்களைப் பெறும் சர்வீஸ் டெஸ்க்கிலோ சப்போர்ட் குழுவிலோ இருப்பவர், சேவையை உருவாக்கி வழங்கிப் பராமரிப்பதைப் பற்றிய ‘கிரியேட், டெலிவர் அண்ட் சப்போர்ட்’ தேர்வை முதலில் எழுதுவதே நல்லது. அன்று படித்ததை மறுநாள் தன் டிக்கெட் வரிசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்காதவருக்கு ‘டைரக்ட், பிளான் அண்ட் இம்ப்ரூவ்’ பொருந்தும், ஏனெனில் அது இரு பட்டங்களுக்கும் கணக்கில் சேரும். ஸ்ட்ராடெஜிக் லீடர் பட்டத்துக்கான மற்றொரு தேர்வான வியூகம் பற்றிய தேர்வு, முடிவெடுக்கும் பொறுப்பு கையில் வந்தபின் எழுத வேண்டியது. தணிக்கையில் நாட்டமுள்ளவர்கள், சேவை மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 20000 பக்கம் பார்க்கலாம். ஆனால் அந்தத் தரச்சான்று நிறுவனத்துக்கே வழங்கப்படுவது, தனிநபர் பெறுவது அதன் தணிக்கையாளர் போன்ற தகுதிகளை மட்டுமே.

பவுண்டேஷனைச் சொந்தமாகப் படித்து எழுதலாம். மேல்நிலைத் தேர்வுகளுக்கோ அங்கீகாரம் பெற்ற பயிற்சி கட்டாயம் என்பதால், செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேட்டுவிட்டுச் சேருவது புத்திசாலித்தனம். மேலும், சான்றிதழை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் இந்த விவரம் பெரிய எழுத்தில் வந்து நான் பார்த்ததில்லை. தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இத்தகைய படிப்புகளைப் பற்றி எழுதும்போது, தேர்வுக் கட்டணத்தோடு பயிற்சிச் செலவையும் புதுப்பிப்புச் செலவையும் சேர்த்தே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேவை மேலாண்மைப் பணியாளர் ஒருவர்