குதிரை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம்.

நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. விஜயதசமியன்று, பகவதி அம்மன் வேட்டைக்கு எழுந்தருளும் மகாதானபுரம் பரிவேட்டைக்கு நம் குதிரைகள் போய் வந்தன. வடசேரியில் லாடம் அடிக்கும் முகாம் நடந்தது.

இனி இருமல் விஷயம். வைக்கோல் நனைக்க நான் ட்ரம் வாங்கியதை டீக்கடையில் பேசுகிறவர்கள் யாரும் என்னிடம் நேரில் கேட்கவில்லை என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐப்பசியில் என் குதிரை இருமத் தொடங்கியது. தீனி போட்டதும் இருமும். வெளியே மேயவிட்டால் நின்றுவிடும். சளி என்று நினைத்து இரண்டு மாதம் கஷாயம் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான். வந்த கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்ப்பதற்கு முன்னால் வைக்கோல்போரைப் பார்த்தார். கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல் வைக்கோல், மழையில் சரியாகக் காயாமல் போர் போட்டது. ஒரு பிடி எடுத்து உதறினார். பூஞ்சைத் தூள் புகை மாதிரி கிளம்பியது. குதிரைக்கும் ஆஸ்துமா வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நம்மைப் போல வாயால் மூச்சு வாங்க அதற்கு வழியில்லை, மூக்கு ஒன்றுதான். மூச்சுக்குழல் சுருங்கிச் சளி கட்டினால், உள்ளே போன காற்றை வயிற்றை எக்கித்தான் வெளியே தள்ளும். நாள்பட்டால் விலாவுக்குக் கீழே ஒரு கோடே விழுந்துவிடும். மருந்து தந்தார், போரை மாற்றாமல் மருந்தால் மட்டும் இருமல் நிற்காது என்றும் சொன்னார்.

சும்மா நிற்கிற குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். என்னுடையது அன்று 28. வைக்கோலை அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, தரையில் போட்டேன். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும், நம்மூர் வெக்கையில் புளித்துவிடும். குதிரையை வெளியே கட்டிய பிறகே லாயத்தைக் கூட்டினேன். சில வாரத்தில் 14-க்கு வந்தது. எல்லாம் நோட்டில் இருக்கிறது.

இதைச் செய்து காட்ட எல்லோரையும் அழைத்தேன். வந்தவர்கள் ஏழு பேர், அதில் இருவர் டீக்கு. ஆரல்வாய்மொழி அண்ணாச்சி ஒருவர், "எங்க ஊர்ல காத்துக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். வெளியே காற்றாலை சுற்றுகிறது, சரி. அந்தக் காற்றுக்குப் பயந்து லாயத்தை நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடியிருக்கிறாரே! குதிரை தீனி எடுக்கிற உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன், மூத்திர நெடி கண்ணைக் கரித்தது.

இன்னொன்று. காய்ச்சல், மூக்கில் கெட்டியான சீழ், தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தால் அது தூசி இருமல் அல்ல, தொற்று. தனியே கட்டி, வாளியையும் தனியாக்கி, அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்படியொரு குதிரையை ஒருவர் கடற்கரைச் சவாரிக்கே கொண்டுவந்தார். பெயர் சொல்லவில்லை, இன்றும் அவர் வரவில்லை.

வரவு, சந்தாவும் நன்கொடையும். செலவு, முகாம், மருந்து, ட்ரம், டீ. கையில் கொஞ்சம் மிச்சம் உண்டு, விவரம் பொருளாளரிடம். பாதிப் பேர் சந்தா தரவில்லை என்பதற்கு விவரம் தேவையில்லை. தலைவருக்கும், மருத்துவருக்கும், நாற்காலி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யாராவது ஏற்பதானால் நோட்டு, ட்ரம், ரசீதுப் புத்தகம் மூன்றையும் தந்துவிடுகிறேன். மாசியில் இரண்டாம் போகமான கும்பப்பூ வைக்கோல் நன்றாகக் காய்ந்து வரும். சேர்ந்து வாங்கினால் மலிவு. மழை படாத இடமும் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம்தான் வேண்டும். பாக்கி எவ்வளவு என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு ரசீது அடிக்கட்டை இருக்கிறது. ஞாயிறு காலை நான் வீட்டில்தான் இருப்பேன்.