செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025: சார்ல் தூர்னெமீர் நினைவாக

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாரிசில் வாழும் நம் உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை கூடி ஆர்கன் இசை கேட்கும் வழக்கம் இவ்வாண்டும் தடையின்றி நடந்தது. சந்தாவில் மாற்றமில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நவம்பரில் நடந்த தூர்னெமீர் நினைவுக் கூட்டத்தை மட்டும் சற்று விரிவாகப் பதிவு செய்ய அனுமதி வேண்டுகிறேன்.

பிரெஞ்சு ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான சார்ல் தூர்னெமீர் 1870-ல் போர்தோ துறைமுக நகரில் பிறந்தவர். இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்கின் மாணவர். 1898-ல் பாரிஸ் சேன் க்ளோதில்ட் ஆலயத்தில், ஆசான் வாசித்த அதே ஆர்கனின் கலைஞராக அமர்ந்தார். 1939-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். 1927 முதல் 1932 வரை அவர் எழுதிய 'லோர்க் மிஸ்தீக்' என்னும் ஆர்கன் இசைத்தொகுப்பு, திருவழிபாட்டு ஆண்டையே இசையாக்கிய பணி. ஞாயிறுகளுக்கும் பெருவிழாக்களுக்குமாக 51 தொகுதிகள். வருகைப் பல்லவிக்கு ஒரு முன்னிசை, காணிக்கைக்கு ஒன்று, திருவப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மிகச் சிறியதாக ஒன்று, திருவிருந்துக்கு ஒன்று, பூசை முடிந்து மக்கள் கலையும்போது நீண்ட ஒன்று. புனித சனிக்கு மட்டும் மூன்றே. ஆக 253. எல்லாம் அந்தந்த நாளுக்குரிய கிரகோரியன் மெட்டுகளிலிருந்து, அதாவது இலத்தீன் வழிபாட்டின் பழைய மெட்டுகளிலிருந்து, பிறந்தவை. கச்சேரி மேடையில் கைதட்டல் வாங்க அல்ல, பூசைக்கு வந்தவர்கள் செபிக்கவே இத்தனையும் எழுதினார். அதனாலேயே அவர் மீது எனக்குப் பெருமதிப்பு.

கூட்டத்தில், சிறுவயதில் புதுச்சேரிக் கோயில் பாடற்குழுவில் இலத்தீனில் பாடிய நம் மூத்த உறுப்பினர் ஒருவர், பாஸ்கா ஞாயிறு பூசையில் நற்செய்திக்கு முன் வரும் தொடர்பாடலைத் துணையிசை இல்லாமல் பாடினார். அவர் நிறுத்தியதும், அதே மெட்டில் தூர்னெமீர் வாசித்த மனோதர்ம இசையை ஒலிக்கவிட்டோம். 1930, 1931 ஆண்டுகளில் சேன் க்ளோதில்டில் பதிவான இசைத்தட்டுகளில் ஒன்று அது. தட்டின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஆர்கன் முழு பலத்தோடு எழுந்தபோது, சற்றுமுன் கேட்ட மெட்டை எல்லோரும் உடனே கண்டுகொண்டார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். தூர்னெமீரின் மாணவர் மோரிஸ் துரூஃப்ளே அந்தத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஐந்து மனோதர்ம இசைகளைச் சுரக்குறிப்பாக்கி 1958-ல் வெளியிட்டிராவிட்டால், இன்று எந்த ஆர்கன் கலைஞரும் அவற்றை வாசித்திருக்க முடியாது. ஆலயத்து ஆர்கன் பின்னாளில் பல மாற்றங்களைக் கண்டுவிட்டது. எனவே தூர்னெமீர் காதில் விழுந்த ஒலிக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது அந்தப் பழைய தட்டுகளே.

அவருடைய மறுபாதி கடல். பிரித்தானி கரைக்கு மேற்கே, பாறைகளும் வேகமான நீரோட்டங்களும் சூழ்ந்த உவெசான் தீவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. 'உவெசானைக் கண்டவன் தன் இரத்தத்தைக் கண்டான்' என்பது அந்தக் கடலோடிகளின் பழமொழி. அத்தனை கப்பல்கள் அங்கே உடைந்திருக்கின்றன. அந்தத் தீவுக்குத்தான் அவர் விரும்பிப் போனார். 1909-ல் முடித்த இரண்டாவது சிம்பொனிக்கு அதன் பெயரையே வைத்தார். எட்டு சிம்பொனிகள் எழுதியவரை வெறும் ஆலய இசைக்கலைஞராக மட்டும் நினைவுகூர்வது நியாயமாகாது. 'லோர்க் மிஸ்தீக்'கின் இறுதிப் பகுதிகளில் ஒலி மெல்ல ஏறி, நின்று, பின்வாங்கி, மறுபடி ஏறுவதைக் கேட்கும்போது, கடல் ஓதம் பார்த்துப் பழகிய மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் உயிர் பிரிந்ததும் அட்லாண்டிக் கரையிலுள்ள அர்கஷோனில்தான். 1939 நவம்பர் தொடக்கம், இரண்டாம் உலகப் போர் மூண்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்த நேரம்.

இதையொட்டிச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: வரும் ஆண்டின் முதல் கூட்டத்தில் 'உவெசான்' சிம்பொனியை முழுமையாகக் கேட்பது. நல்ல ஒலிப்பதிவு வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும். அரங்கத்தைக் கட்டணமின்றித் தந்த ஆலயப் பங்குக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த சகோதரிகளுக்கும் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்