ஆபரேஷன் யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. மருமகளுக்குக் கால் வீக்கம் வற்றியதா? வற்றாவிட்டால் இரத்த அழுத்தம் பார்க்காமல் விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்று இருக்கிறோம்" என்றாய். உன் குரல் கேட்டது, பின்னால் சம்பந்தி அம்மாவின் குரலும் கேட்டது. மருமகள் குரல் மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது நான் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு இலக்கு உண்டு. வருடத்துக்கு இத்தனை கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) கேஸ் கொண்டுவர வேண்டும். கணக்கு முடிக்கும் மார்ச் நெருங்கினால் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு பிள்ளை பெற்றவள் எங்கே என்று அலைவோம். ஆண்களிடம் யாரும் போகமாட்டோம். போனால் நாயை அவிழ்த்துவிடுவார்கள். 1996-ல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டது. ஆனால் பெண்ணை மட்டும் தேடுகிற பழக்கம் போகவில்லை.

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், செய்தார்கள். மிரட்டியும் இழுத்துக்கொண்டுபோயும் செய்தது அதில் ஏராளம். பிறகு ஆண்களிடம் இந்தப் பேச்சை எடுக்கவே அரசுகள் அஞ்சின. பாரம் மொத்தமும் பெண்கள்மேல் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் ஆயிரத்துக்கு மூன்று. தமிழ்நாட்டில் பெண்கள் பாதிக்கும் மேல். ஆண்கள் அந்த மூன்றுகூடத் தேறமாட்டார்கள்.

ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பெண்கள் அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் மருமகளுக்கு வயது 24. குழந்தை இன்னும் பிறக்கவேயில்லை. அது பிறந்து ஒரு வயதாவது தாண்டட்டும், அதற்குள் என்ன அவசரம்? நம் ஊர்ப் பக்கம் கருத்தடை என்றாலே ஆபரேஷன் ஒன்றுதான் எல்லோருக்கும் தெரிகிறது. கல்யாணம், இரண்டு பிள்ளை, ஆபரேஷன். நடுவில் வேறு வழி இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை.

கர்ப்பப்பைக்குள் வைக்கிற சிறு கருவி, காப்பர் டி இருக்கிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிடலாம். 380-ஏ வகை பத்து வருடம் தாங்கும். வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடலாம். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதையே இல்லை என்று படம் வரைந்து காட்டினாலும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்களே தவிர நம்பமாட்டார்கள். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடுதலாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள். வைத்துக்கொண்ட பெண்கள் பயந்துபோய் எடுக்கச் சொல்லி ஓடிவருகிறார்கள். மருமகளுக்கு இதை நீ சொல்லிவை.

2017-ல் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் சாயா என்ற கருத்தடை மாத்திரையும் அரசுத் திட்டத்தில் வந்தன. இரண்டும் இலவசம். சாயா ஹார்மோன் இல்லாத மாத்திரை, பால் கொடுப்பவளும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அந்தரா மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி. பால் கொடுப்பவள் ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேவிடும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று மாமியார்கள் பயமுறுத்துவார்கள். தேங்குவதற்கு அங்கே ஒன்றும் சேர்வதில்லை. ஊசியை நிறுத்தினாலும் கரு தங்கச் சில மாதங்கள் ஆகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். என் பணியின் கடைசி வருடங்களில் இந்த ஊசி கேட்டு வந்தவர்களில் புருஷனுக்குத் தெரியாமல் வந்தவர்கள் உண்டு. மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்தாலும் ஒருநாள் அகப்பட்டுவிடும். ஊசிக்கு வீட்டில் சாட்சி இல்லை. அப்படி ஒளித்துச் செய்ய வேண்டிய நிலையில் மருமகளை வைத்துவிடாதே.

பால் கொடுக்கும் வரை பயமில்லை என்று சம்பந்தி அம்மா சொல்லக்கூடும். குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், ஆறு மாதம் வரை அது சரி. அதற்குமேல் நம்ப முடியாது. விலக்கு வருவதற்கு முன்பே அடுத்தது தங்கி, நான்காம் மாதத்தில் என்னிடம் வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனிப் பிள்ளையே வேண்டாம் என்று இருவரும் உறுதியாக முடிவெடுத்தால் நீ போய்ச் செய்துகொள். தழும்பில்லாத வாசக்டமிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துளைதான் போடுவார்கள். தையல் கிடையாது, கால் மணி நேரத்து வேலை, அன்றே வீடு திரும்பிவிடலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். மூன்று மாதம் ஆணுறையை விடாதே. பிறகு விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று சொன்ன பிறகுதான் பாதுகாப்பு. உடல் பலமோ ஆண்மையோ எங்கும் போகாது. குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். ஹார்மோன் இரத்தத்தில் போகிறது, அந்தக் குழாயில் அல்ல. அவளுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். அதற்குள் இரண்டு பிரசவம் தாங்கியிருக்கும் உடம்பு அது.

அம்மா இப்படியெல்லாம் எழுதுகிறாளே என்று கூசாதே. என் பையிலிருந்த நிரோத் ஆணுறை பாக்கெட்டைப் பிரித்துப் பலூன் ஊதித் தெரு முழுக்கக் காட்டியவன் நீதான்.

சம்பந்தி அம்மா கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, மருமகளைத் தனியாக உட்காரவைத்துக் கேள். இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும். அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தி அம்மாவுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா